பால் விழுந்த இடம்

மான் சரணாலயத்தின் இரும்புக் கேட்டுக்கு உள்ளேயிருந்து யாரோ இருமினார்கள். சளி கட்டி, கடைசியில் மூச்சை உறிஞ்சி இழுக்கிற அந்த இருமலை அம்சம் கல்யாணமான நாளிலிருந்து பக்கத்தில் படுத்துக் கேட்டவள். அது கண்ணுசாமியின் இருமல். நேற்றுத்தான் அவள் கையால் வாய்க்கரிசி போட்டு, உள்ளே சவுக்குத் தோப்புக்கு அப்பால் அவனைப் புதைத்திருந்தார்கள்.

பயத்தை முந்திக்கொண்டு ஆத்திரம் வந்தது. வேதாரண்யத்துப் பக்கத்தில் அவர்கள் தெருவுக்குப் பாட்டன் காலத்திலிருந்தே அந்தக் காடுதான் இடுகாடு. ஆட்சி மாறியதும் குடியிருக்க மனை கேட்டு நடந்து நடந்து கால் தேய்ந்தது. மனை வரவில்லை. அடப் பாவிகளா, மானுக்கு மட்டும் காட்டையே எழுதி வைத்துவிட்டார்கள்.

பிள்ளை இல்லாததால் பால் தெளிக்க அவளே செம்போடு வந்திருந்தாள். பால் விழுகிற இடத்தில்தான் செத்தவர் அடங்குவார் என்பது அந்தத் தெருவின் நம்பிக்கை.

“நேத்து பொணத்துக்குத்தாம்மா அனுமதி. பாலுக்கு இல்ல,” என்றான் காவலன் தியாகராசன்.

“ஒரு சொம்புப் பாலுங்க. ஊத்திட்டு ஓடியாந்துடுறேன்.”

“மான் மிரளும். போ.”

பின்னால் ஒரு ஜீப் ஹாரன் அடித்தது. மதராசிலிருந்து வேடிக்கை பார்க்க வந்தவர்கள். தியாகராசன் கேட்டை அகலத் திறந்து சலாம் வைத்தான். அதற்கு மான் ஒன்றும் மிரளவில்லை போலிருக்கிறது.

அம்சத்துக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

“அப்ப நீயே வச்சுக்க,” என்று செம்புப் பாலை அவன் காலில் கொட்டினாள்.

காட்டுக்குள் இருமல் நின்றது. தியாகராசன் தொண்டையைச் செருமினான்.

பாதி வழி வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கோபத்தில் புருஷனை அந்த ஆளின் காலிலேயே அடக்கிவிட்டு வந்திருக்கிறாள்.

அந்தி சாய்ந்தபோது உப்பளத்துக் காற்றில் புதிதாக வெட்டிய மண்ணின் வாடை வந்தது, ஆள் நிழலைக் கண்டாலே குரைக்கிற நாய்கள் வாலை இடுக்கிக்கொண்டு அடுப்போரம் ஒண்டின, தெருமுனையிலிருந்து பூட்ஸ் சத்தம் ஒரு காலை இழுத்து இழுத்து அவள் வீட்டைப் பார்த்தே வந்தது. கண்ணுசாமிக்கு இடது கால் இழுப்பு.

வாசல் படல் அசைந்தது.

காக்கிச் சட்டை. தியாகராசன்தான். பூட்ஸில் பால் இன்னும் காயவில்லை. கண்கள் மூடியிருந்தன, நேற்று அவள் மூடிவிட்ட மாதிரியே.

“அம்சம்.” குரல் கண்ணுசாமியுடையது. “கேட்டப் பூட்டிட்டாங்க. என்னை உள்ள வுட மாட்டேங்குறாங்க.”

இருமினான். வாயிலிருந்து வாசற்படியில் உதிர்ந்தது ஈர அரிசி. அவள் போட்ட அரிசி, மண்ணோடு.