கழற்றாத தொப்பி

ஞாயிறு காலை ஏழு மணி. ஆராதனைக்கு வந்த எங்கள் ஊர்ப் பாதிரியார் பீடத்தைப் பார்த்தார். வெள்ளிக் கிண்ணம் இல்லை.

எட்டு மணிக்குள் குற்றவாளி தயார்: நெசவாளி ஜேபஸ் தர்ல்பி, 'குவேக்கர்' என்ற தனிச் சபைக்காரர். மன்னரின் சபைக்கு வராமல் வீட்டிலேயே ஆட்களைக் கூட்டி மௌனமாக உட்காருபவர். வெளியாட்கள் நாலு பேருக்கு மேல் கூடி ஜெபித்தால் குற்றம். வியாழனன்றுதான் சிப்பாய்கள் அந்த மௌனத்தைத் தடியால் கலைத்திருந்தார்கள்.

விசாரிக்கப் போனவர் ஊர்க்காவலர் கில்பர்ட் ஆஸ்க்யூ. பாலாடைக்கட்டி வியாபாரி, இந்த வருஷம் காவல் முறை அவருடையது. எலி பிடித்த அனுபவம் உண்டு.

சாட்சி, கோவில் சாவி வைத்திருக்கும் நிர்வாகி பொல்லார்டு.

"நேத்து சாயங்காலம் தூணுக்குப் பின்னால நின்னு பாத்தேன். ஜேபஸ் உள்ள வந்ததும் தொப்பியைக் கழட்டினான். மெழுகுவத்தி வெளிச்சத்துல அந்தப் பழுப்பு முடி பளபளன்னு தெரிஞ்சுது. கிண்ணத்தை இடுக்கிக்கிட்டுப் போயிட்டான். பைபிள் மேல சத்தியம்!"

ஜேபஸ் வீட்டு வேலியில் நீளநீளமாய்த் துணிக் கிழிசல்கள் காய்ந்தன. கறை முழுக்கப் போகவில்லை. வாசலில் ஜேபஸ், தலையில் தொப்பி, வழக்கத்தைவிடச் சற்று மேலேறி உட்கார்ந்திருந்தது.

"ஒரு கிண்ணத்துக்குத் தூக்கா, கில்பர்ட்?" என்றாள் மனைவி டோர்காஸ்.

"கோவில் சொத்தும்மா."

திங்கள் காலை, நீதிபதி வால்டர் கிரிம்ஷாவின் கூடம்.

"தொப்பியைக் கழட்டுடா!"

"கடவுளுக்குத்தான் கழட்டுவேன், வால்டர். நீ மனுஷன்தானே?"

எல்லாரையும் 'நீ' என்பதும் அவர்கள் வழக்கம். நீதிபதி முகம் பீட்ரூட்டானது. சேவகன் தொப்பியைத் தட்டிவிட்டான்.

மழித்த தலை. சுற்றிலும் கட்டு.

"வியாழக்கிழமை அடி. அன்னைக்கே நான்தான் மழிச்சுக் கட்டினேன்" என்றாள் டோர்காஸ்.

கில்பர்ட் மெல்லத் திரும்பினார். "பொல்லார்டு ஐயா, சனிக்கிழமை பளபளத்த பழுப்பு முடி எங்கே? போகட்டும். திருட வந்தவன் தொப்பியை எதுக்குக் கழட்டணும்?"

"கோவிலுக்குள்ள எவன் தொப்பியோட நிப்பான்?"

"நீங்களும் நானும் நிக்க மாட்டோம். அவங்களுக்குக் கோவில் வெறும் கல்லுக் கட்டடம்; நீதிபதிக்கே கழட்டாதவரு, அதுக்கா கழட்டுவாரு? நீங்க சொன்ன திருடன் சபைக்கு ஒழுங்கா வர்ற ஆளு. சாவி உங்ககிட்ட. எலி பிடிச்ச அனுபவத்துல கேக்கறேன், உங்க மாவுப் பீப்பாயைப் பாக்கலாமா?"

நண்பகலுக்குள் கிண்ணம் மாவோடு வந்தது. பொல்லார்டை இழுத்துப் போனார்கள்.

"ஏய்யா, தலையைப் பத்தி முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"திருடலைன்னு சொன்னேன். தலையைப் பத்தி யாரும் கேக்கலையே, கில்பர்ட்."

கூடம் சிரித்தது. கிரிம்ஷா சிரிக்கவில்லை.

"திருட்டு இல்லை. நல்லது. மன்னருக்கு விசுவாசமா இருப்பேன்னு பைபிளைத் தொட்டுச் சத்தியம் பண்ணிட்டு வீட்டுக்குப் போ."

"விசுவாசமாத்தான் இருக்கேன். சத்தியம் மட்டும் பண்ண மாட்டேன். பண்ணாதேன்னு ஏசு சொல்லியிருக்காரு."

"ஒரு வார்த்தைதான்யா!" கில்பர்ட் கெஞ்சினார். "பொல்லார்டு கூடத்தான் பண்ணினான்."

"அதான் பாத்தியே."

சட்டம் தெளிவாக இருந்தது: சத்தியம் பண்ண மறுத்தால் மன்னர் மனம் இரங்கும்வரை சிறை, வீடும் தறியும் மன்னருக்கு. டோர்காஸ் அழவில்லை. கட்டுக்கு மாற்றுத் துணியை மடித்துக் கணவர் கையில் வைத்தாள்.

கொண்டுபோய் அடைக்க வேண்டியவர் ஊர்க்காவலர். கில்பர்ட் கீழே கிடந்த தொப்பியை எடுத்து, தூசி தட்டி, கட்டு நோகாமல் ஜேபஸின் தலையில் வைத்தார். தெருவுக்கு வந்ததும் தன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"போட்டுக்கோ, கில்பர்ட்" என்றார் ஜேபஸ். "மழை தூறுது."

சிறைவாசல் வரை அவர் போட்டுக்கொள்ளவில்லை.