பச்சை எரியாத நாட்கள்

மூன்றாம் குவிமாடத்துக்குத் தண்ணீரை நிறுத்தும் உத்தரவின் மேல் கோமளவல்லி ஒன்பதாவது முறையாகக் கட்டைவிரலை வைத்தாள். மனமுத்திரையின் விளக்கு எரியவில்லை.

"எரிய மாட்டேங்குது தம்பி," என்றாள். காவலுக்கு நின்ற படைவீரன் இளவழகன் அதைக் குறித்துக்கொண்டான்.

செவ்வாய்க் கிரகத்தின் பூநகரை முப்பது ஆண்டுகளாக நடத்தி வந்தது இந்தக் கருவிதான். அதிகாரிகளை மிரட்டிக் கையெழுத்து வாங்கிய காலத்தை வெறுத்து மக்களே கேட்டு வாங்கியது அது. விரல் வைப்பவரின் மனம் சம்மதித்தால் பச்சை எரியும். பயந்து வைத்தால் எரியாது. பச்சை இல்லாமல் ஒரு குழாய் மூடாது, ஒரு கதவு பூட்டாது. சட்டமன்றத்தை ஒரே காலையில் பிடித்த தளபதி ருத்ரசேனனால் நாலாயிரம் அரசு ஊழியர்களின் மனத்தைப் பிடிக்க முடியவில்லை.

வேலைநிறுத்தம் என்று குற்றம் சாட்டவும் வழியில்லை. எல்லோரும் பத்து மணிக்கு வந்தார்கள், சொன்ன இடத்தில் விரல் வைத்தார்கள். பதவி உயர்வு தருவதாகத் தளபதி ஆசை காட்டினார்; அந்த உத்தரவுக்கே பச்சை எரியவில்லை. ஐந்தாம் நாள் கோமளவல்லியின் கணவரைப் பிடித்துப் போனார்கள். அன்று அவள் உண்மையிலேயே பணிந்துவிடத்தான் நினைத்தாள். பயத்தில் விரல் வைத்தாள், விளக்கு எரியவில்லை. ஆனால் சிறைக்கதவைப் பூட்டவும் பச்சை வேண்டுமே! மாலையில் கணவர் தானாகவே நடந்து வீடு வந்து, காபி கேட்டார்.

பதினோராம் நாள் இளவழகன் தயங்கித் தயங்கி ஒரு தாளை நீட்டினான்.

"மேடம், பூமியில எனக்குப் பொண்ணு பொறந்திருக்கா. இன்னும் பாக்கல. லீவு கிடைக்குமா?"

கோமளவல்லி விரல் வைத்தாள். பளிச்சென்று பச்சை. அலுவலகமே எழுந்து கைதட்டியது.

மறுநாள் படைவீரர்களின் வரிசை தெருமுனை வரை நீண்டது. யாருடைய விடுப்பையும் யாரும் மறுக்கவில்லை. பூமிக்குப் போன கப்பல்களில் நிற்கவும் இடமில்லை. பத்தொன்பதாம் நாள், தனியாளாகிவிட்ட தளபதியே விடுப்பு விண்ணப்பத்தோடு வந்தார். விளக்கு அவ்வளவு பிரகாசமாக அதுவரை எரிந்ததே இல்லை. தெருவில் மேளம் கொட்டி ஆடியவர்களோடு கோமளவல்லியும் ஆடினாள்.

தேர்தல் நடந்தது. அவள் ஓட்டுப் போட்ட தமயந்தியே அமைச்சரானார். பூங்காவை எடுத்துவிட்டுக் கப்பல்துறை கட்டும் உத்தரவோடு நேரில் வந்தார். கோமளவல்லி சந்தோஷமாக விரல் வைத்தாள்.

எரியவில்லை.

முன்பெல்லாம் எதற்கும் எரியும். பழக்கத்தில் சம்மதித்துக்கொண்டிருந்த மனம் இப்போது கேள்வி கேட்கக் கற்றுவிட்டது.

"எங்க மேலயும் கோபமா?" என்றார் அமைச்சர்.

"கோபமெல்லாம் இல்லம்மா. பூங்கா எதுக்குப் போகணும்னு புரியல. புரிஞ்சா எரியும்."

அமைச்சர் சற்று யோசித்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வரைபடத்தை விரித்து விளக்க ஆரம்பித்தார். வாசலில் இன்னும் நான்கு அமைச்சர்கள் கோப்புகளோடு காத்து நின்றார்கள்.