காற்று தீரும்வரை

எங்கள் தீயணைப்பு நிலையத்தில் என்னைப் பேட்டரி என்றுதான் கூப்பிடுவார்கள். ஏணியிலிருந்து விழுந்து முழங்கால் போன பிறகு, வண்டியில் போய்த் தீயை அணைக்கும் வேலை எனக்கு இல்லை. வீடு வீடாகப் போய்ப் புகை அலாரம் மாட்டிக் கொடுப்பது, மாட்டியதில் பேட்டரி இருக்கிறதா என்று பார்ப்பது, ஒரே பிளக்கில் நாலு சாமானைச் செருகி வைத்திருப்பவர்களைக் கண்டிப்பது, இவ்வளவுதான். இலவசச் சேவை. இலவசம் என்றால் என்ன மரியாதை இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பாதி வீடுகளில் என்னைக் கேபிள்காரன் என்று நினைத்து டிவியைக் காட்டுவார்கள்.

ஆனாலும் எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. மனைவி இறந்த பிறகு, இன்னொருவர் வீட்டுக்குள் நுழைந்து கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருக்க எனக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. என் வீட்டுக் கதவைத் திறந்தால் உள்ளேயிருந்து யாரும் ‘வந்தாச்சா’ என்று கேட்பதில்லை.

ஒரு வீட்டிலிருந்து திரும்பத் திரும்ப அழைப்பு வந்துகொண்டிருந்தது. சாயங்காலமானால் அலாரம் அலறும். வண்டி பறக்கும். போய்ப் பார்த்தால் ஒன்றும் இருக்காது.

“நெருப்பில்லாம புகையாதும்பாங்க. இங்க புகையே இல்லாம அடிக்குது. போய் என்னன்னு பாரு. சரிவரலைன்னா கழட்டி எடுத்துட்டு வந்துடு” என்றார் நிலைய அதிகாரி.

நான் போனபோது வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. தெருக்கோடியில் ஒற்றை மாடி வீடு. எதிர்ப்புறம் ஒரு விளக்குக் கம்பம். கதவைத் திறந்தவள் தையல்காரி. கழுத்தில் அளவு நாடா தொங்கியது. கூடத்தில் தையல் மெஷின், இஸ்திரிப் பெட்டி, சுவரோரம் மலையாகத் துணி. இப்படி ஒரு கூடத்தைப் பார்த்தால் என் வேலையில் இருப்பவனுக்குக் கை துறுதுறுக்கும்.

“கழட்டிடாதீங்க சார்” என்றாள் எடுத்த எடுப்பில். “இவ்வளவு துணிய வெச்சுக்கிட்டு, நானும் பொண்ணும் தனியா இருக்கோம். அது இருந்தாதான் எனக்குத் தூக்கம் வரும்.”

“கழட்ட வரலம்மா. சரி பண்ணத்தான் வந்திருக்கேன்” என்றேன். அந்த நேரத்தில் அப்படித்தான் நினைத்தேன்.

அலாரத்தில் ஒரு குறையும் இல்லை. தூசி இல்லை, பூச்சி இல்லை, பேட்டரி புதிது. ஆனால் உள்ளறையில் ஒரு வாசனை இருந்தது. தீ அணைந்து ரொம்ப நாளான வீடுகளில், எத்தனை முறை வெள்ளையடித்தாலும் மழைநாளில் கசியும் வாசனை. வெளியே மழை இல்லை.

அவள் மகள் கட்டிலில் உட்கார்ந்து கால்களை ஆட்டிக்கொண்டிருந்தாள். பால்பற்கள் விழுந்துகொண்டிருக்கும் வயது. குழந்தை இருக்கும் வீடு என்றால் நாங்கள் தவறாமல் செய்யும் ஒரு பாடம் உண்டு. தீப்பிடித்தால் குழந்தைகள் ஓடுவதில்லை, ஒளிந்துகொள்வார்கள். கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குள். எங்கள் ஆள் முகமூடி மாட்டி, முதுகில் காற்றுச் சிலிண்டரோடு, புஸ் புஸ் என்று மூச்சு விட்டுக்கொண்டு வந்தால், பூதம் வருகிறது என்று இன்னும் உள்ளே ஒடுங்கிவிடுவார்கள். கூப்பிட்டாலும் குரல் கொடுக்க மாட்டார்கள். அதனால் முன்கூட்டியே குழந்தைகள் எதிரில் அதை மாட்டிக் காட்டி, மண்டியிட்டு, கையை நீட்டி, பயப்பட ஒன்றுமில்லை என்று பழக்குவோம்.

முகமூடியை மாட்டினேன். மண்டியிட்டேன். கையுறையை நீட்டினேன். அந்தச் சிறுமி கொஞ்சமும் தயங்காமல் வந்து பிடித்துக்கொண்டாள்.

“பயமா இல்லையா கண்ணு?”

“எனக்கு இல்ல மாமா. அவளுக்குத்தான் பயம்.”

“யாருக்கு?”

சுவர் அலமாரியைக் காட்டினாள்.

“சும்மா எதையாவது சொல்லிட்டிருப்பா சார்” என்றாள் தாய். அவள் குரல் இறங்கியிருந்தது. “அதைத் திறந்து பார்த்துட்டேன். என் பெட்டிதான் இருக்கு.”

மூடிய கதவைத் திறக்கும் முன் புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பதும் எங்கள் பாடம்தான். சூடாக இருந்தால் அந்தப் பக்கம் தீ இருக்கிறது என்று பொருள். சிறுமிக்குக் காட்டுவதுபோல் கையுறையைக் கழற்றி, அலமாரிக் கதவில் புறங்கையை வைத்தேன்.

கொதித்தது.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். கதவைத் திறந்தேன். உள்ளே ஒரு பெட்டி. ஜில்லென்று இருந்தது. அடித்தட்டில், புதுப் பெயிண்டுக்குக் கீழிருந்து, ஒரு குழந்தை குந்தி உட்காரும் அளவுக்குக் கறுப்பு மேலே ஏறியிருந்தது.

திரும்பும் வழியில் ஜீப் ஓட்டிய அண்ணனிடம் சொன்னேன். அவருக்கு ஹாரன் என்று பெயர். வாய் ஓயாது. அன்று ஜீப்பை ஓரங்கட்டி நிறுத்தினார்.

“அந்த வீடு எரிஞ்சிருக்கு தம்பி. நீ வேலைக்குச் சேர்றதுக்கு ரொம்ப முன்னாடி” என்றார். “புருஷன், பொண்டாட்டி, ரெண்டு பசங்க. அந்தக் கம்பத்துக்கிட்ட வந்து விழுந்தாங்க. புகை குடிச்சு ஒருத்தருக்கும் பேச்சு வரல. நம்ம ஆளுங்க அக்கம்பக்கத்துல விசாரிச்சாங்க. இந்த வீட்டுல நாலு பேருன்னாங்க. நாலு பேரும் வெளிய இருந்தாங்க. கணக்கு சரியாப் போச்சுன்னு தேடுறத நிறுத்திட்டாங்க.”

“அப்புறம்?”

“லீவுக்கு ஒரு பொண்ணு வந்திருக்கு. அந்த ஆளோட அண்ணன் மக. முந்தின நாள்தான் வந்தது. விருந்தாளிய யாரு கணக்குல சேர்ப்பா?”

அவர் மறுபடி ஜீப்பைக் கிளப்பினார். 

மறுநாள் சாயங்காலம் தனியாகப் போனேன். முழு உடுப்பு, முகமூடி, சிலிண்டர். மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும் என்று தையல்காரியிடம் சொன்னேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு மகளைக் கூடத்தில் தன்னோடு சேர்த்து நிறுத்திக்கொண்டாள்.

உள்ளறையின் திரைகளை இழுத்து மூடினேன். முகமூடியை மாட்டினேன். காதுக்குள் என் மூச்சு மட்டும். இழுப்பு. விடுப்பு. அலமாரிக்கு முன்னால் மண்டியிட்டபோது முழங்கால் உயிர்போகிற மாதிரி வலித்தது.

“பயப்படாத கண்ணு. நான் தீயணைப்புக்காரன். உன்னைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்கேன்.”

சத்தம் இல்லை.

“கொஞ்சம் லேட்டாயிடுச்சு. வா.”

என் மூச்சு. இழுப்பு. விடுப்பு.

பிறகு, என் மூச்சுக்கு இடையில், இன்னொரு மூச்சு. சின்னது. இருமலை அடக்கிக்கொள்ளும் மூச்சு.

அலமாரிக் கதவு ஒரு விரற்கடை அளவு திறந்தது.

இருட்டைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. நான் கையை நீட்டியபடியே இருந்தேன். அலாரம் வீடு அதிர அலறத் தொடங்கியது. அந்த அலறலுக்கு நடுவே, என் கையுறைக்குள் ஒரு சின்னக் கை வந்து உட்கார்ந்தது.

கெட்டித் தோல் கையுறை அது. அதையும் தாண்டிச் சுட்டது. நான் விடவில்லை.

குனிந்தபடியே பின்பக்கமாக நகர்ந்தேன். கூடத்தில் தையல்காரி என்னை மட்டும்தான் பார்த்தாள், அவள் கண்ணில் அது தெரிந்தது. மகள் மட்டும் ஒதுங்கி வழிவிட்டாள். எனக்கு ஒதுங்கியிருந்தால் ஓரடி போதும், அவள் இரண்டு பேருக்கு ஒதுங்கினாள்.

வாசல், தெரு, எதிரே கம்பம். அங்கே நிறுத்தினேன். பல வருடங்களாக வீடு வீடாகப் போய்ச் சொல்லிச் சொல்லி, தூக்கத்தில் எழுப்பினாலும் வாயில் வரும் பாடம் அப்போதும் தானாக வந்தது.

“இங்கயே நில்லு. உன் ஆளுங்க வர்ற வரைக்கும் நகரக் கூடாது. என்ன ஆனாலும் உள்ள திரும்பிப் போகக் கூடாது. சரியா?”

கையுறைக்குள் இருந்த கை ஒருமுறை அழுத்தியது. சரி என்று எடுத்துக்கொண்டேன். விட்டது. அலாரம் நின்றது.

அன்று இரவு நான் அடித்துப்போட்டாற்போல் தூங்கினேன். ஒரு நல்ல காரியம் செய்துவிட்டதாக நினைப்பு.

அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. தையல்காரி போன் செய்தாள்.

“அலாரம் அடிக்கிறதே இல்ல சார். உங்களுக்குப் புண்ணியமாப் போகும். ஆனா இவ ஜன்னலை விட்டு நகர மாட்டேங்குறா. மாமா அவளை வெளிய நிக்க வெச்சுட்டுப் போயிட்டாரு, ராத்திரி பகலா அங்கயே நிக்கிறா, நனையிறான்னு ஒரே அழுகை. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன்.”

போனை வைத்த பிறகுதான் நான் செய்த காரியம் எனக்கு உறைத்தது. உன் ஆட்கள் வரும்வரை நில் என்றேன். அவளுடைய ஆட்கள் வேறு ஊர்க்காரர்கள். அவளை எடுத்துக்கொண்டுபோய் எரித்தோ புதைத்தோ எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அந்தத் தெருவுக்கு அவர்கள் இனி எதற்கு வருவார்கள்? அலமாரிக்குள் தனியாக இருந்தவளை நடுத்தெருவில் தனியாக நிறுத்திவிட்டு வந்திருக்கிறேன். சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளை வேறு.

போனேன். தெரு முழுவதும் தண்ணீர் ஓடியது. கம்பத்தடியில் மட்டும் இரண்டு சின்னப் பாதம் அளவுக்குத் தரை காய்ந்திருந்தது. அங்கே விழுந்த துளிகள் விழுந்த உடனே ஆவியாகிக்கொண்டிருந்தன.

“வாம்மா போகலாம்” என்றேன்.

காய்ந்த இடம் அசையவில்லை.

என் முகம் அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு முகம்தான். நான் ஓட்டி வந்த ஜீப்பிலிருந்து முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டேன். மழையில் மண்டியிட்டேன்.

“உன் ஆளு வந்தாச்சு. நான்தான்.”

நான் யாருக்கும் ஆள் இல்லை. என்றாலும் சொன்னேன்.  நீட்டிய கையுறைக்குள் சூடு வந்து ஏறியது.

அவளை வேறு எங்கே கூட்டிப் போவது? என் வீட்டுக்குத்தான் கூட்டிப் போனேன். உள்ளே நுழைந்து, விளக்கைப் போட்டு, வந்தாச்சு என்று சத்தமாகச் சொன்னேன். பிறகு முகமூடியைக் கழற்றினேன்.

ஓடும் காலடி. படுக்கையறையில், என் மனைவியின் துணிகள் இன்னும் தொங்கும் அலமாரியின் கதவு படீரென்று சாத்திக்கொண்டது.

போய்ப் புறங்கையை வைத்துப் பார்த்தேன். கொதித்தது.

அன்றிலிருந்து இதுதான் வழக்கம். சாயங்காலம் வந்ததும் சிலிண்டரைத் திறந்து, முகமூடியை மாட்டி, நாற்காலியில் உட்காருகிறேன். வெறும் முகமூடி போதவில்லை, அந்த மூச்சுச் சத்தமும் அவளுக்கு வேண்டும். கொஞ்ச நேரத்தில் அலமாரி திறக்கிறது. என் முழங்காலில் ஒரு கனம் வந்து சாய்கிறது. அடிபட்ட முழங்காலுக்கு அந்தச் சூடு இதமாக இருக்கிறது. நான் அன்றைக்குப் போன வீடுகளைப் பற்றிச் சொல்கிறேன். பிளக் கதை, கேபிள்காரன் கதை. காற்று குறைந்தால் சிலிண்டரில் விசில் அடிக்கும். அதைக் கேட்டதும் கனம் எழுந்து போய்விடுகிறது. அலமாரி சாத்திக்கொள்கிறது. மீதி இரவு நான் மட்டும்.

முதல் இரண்டு நாள் என் வீட்டு அலாரம் ஓயாமல் அலறியது. அவள் காதைப் பொத்திக்கொண்டு அழுவது கேட்டது. பேட்டரியைக் கழற்றி எடுத்துவிட்டேன். எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள் என்று வாசல் வாசலாகச் சொல்கிற நான். ஊருக்குத்தான் உபதேசம். மனைவியின் துணிகளில் சில ஓரம் கருகியிருக்கின்றன. இது எங்கே போய் முடியும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் இந்த ஊரில் இல்லை. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பொழுது சாய்ந்தால் வீட்டுக்குப் போக வேண்டும் என்ற அவசரமும் வந்துவிடுகிறது. மனைவி இருந்த நாளில் இருந்த அவசரம்.

நேற்று ஹாரன் அண்ணன் சிலிண்டரை நிரப்பித் தர மறுத்துவிட்டார்.

“பயிற்சிக்குன்னு சொல்ற. யாருக்குத் தம்பி தினமும் பயிற்சி?”

 அவர் என் சட்டைக் கையைத் தூக்கிப் பார்த்தார். கொப்புளங்களைப் பார்த்தார்.

“போதும். எங்கருந்து கூட்டிட்டு வந்தியோ, அங்கயே விட்டுடு.”

“அங்க யாருமில்லண்ணே” என்றேன்.

காலி சிலிண்டரோடு வீட்டுக்குப் போனேன். முகமூடியைக் கூடத்து மேஜையில் வைத்தேன். அலமாரிக்கு முன்னால் போய் நின்று, இன்னைக்குக் காத்து இல்ல கண்ணு, என்னை இப்படியே பார்த்துப் பழகிக்க, என் முகம் அவ்வளவு மோசமில்ல என்று சொன்னேன்.  கதவு திறக்கவில்லை. வெகுநேரம் நின்றுவிட்டுப் படுத்துவிட்டேன்.

விடிந்து கண் விழித்தபோது கருகல் வாசனை. அலமாரி அகலத் திறந்து கிடந்தது.

பக்கத்துத் தலையணையில், மனைவி படுக்கும் இடத்தில், என் பக்கம் திரும்பியபடி அந்த முகமூடி இருந்தது. தலையணை உறை இஸ்திரிப் பெட்டியை மறந்து வைத்ததுபோல் பழுப்பேறியிருந்தது.

முகமூடிக்குள் ஒன்றும் இல்லை. ஆனால் அதன் கண்ணாடி உள்பக்கமாக மங்கியது. தெளிந்தது. மறுபடியும் மங்கியது.