கிளாரா கல்யாண டிவிடி

சனிக்கிழமை மத்தியானம் கூடலூர் ஸ்டூடியோக்காரன் முத்துராஜா டிவிடியைத் திருப்பிக் கொடுத்து, "அக்கா, இதுல ஒண்ணுமே இல்லை" என்றான். கிளாரா கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவளுக்கு இருந்த ஒரே சாட்சி அது. புருஷன் செத்துப் போன பிறகு தினமும் ஜீப்பில் குமுளி ஏறி, ஏலத்தோட்டத்தில் கூலி வேலை பார்க்கிற பொம்பளை. கல்யாணத்தன்று அவளையும் மாப்பிள்ளையையும் வேனில் அனுப்பிவிட்டு, அப்பன் பங்கிராஸ் ஆம்பளைகள் பந்தியில் மைக்கைப் பிடித்து, கிணத்தடித் திராட்சைத் தோட்டத்தில் பாதி மகளுக்கு என்று சொன்னார். கல்யாணப் பந்தியில் தகப்பன் சொன்னால் அது நின்றாக வேண்டும், அவர்கள் வழக்கம் அப்படி. அவர் செத்ததும் மகன் பெனடிக்ட், அப்படி ஒரு பேச்சே இல்லை என்றான். கேட்டவர்களில் பாதிப் பேர் கல்லறையில். மிச்சப் பேர் பெனடிக்டிடம் சம்பளம் வாங்குகிறவர்கள். அவர்கள் வாயை நம்புவதும் ஓட்டைக் குடத்தில் தண்ணி எடுப்பதும் ஒன்றுதான்.

டிவிடியும் முழுசாக ஓடாது. 'பாதி என் மகள் கிளாராவுக்கு' என்ற இடத்தில் எந்தப் பெட்டியில் போட்டாலும் படம் நின்றுவிடும். அதுவும் போவதற்குள் நகல் எடுக்கத்தான் கொடுத்தாள். மறுநாள் ஞாயிறு சாயங்காலம் பங்குச் சாமியார் முன்னால் பேச்சு வைத்திருந்தார்கள்.

முத்துராஜா காசு வாங்கிக்கொண்டு அழித்துவிட்டான் என்று அவன் கடையை உடைக்க நாலு பேர் கிளம்பினார்கள். பக்கத்துத் தோட்டக்காரனான நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் என் வீட்டு மாடியில் குடியிருப்பது எஸ்.ஐ. ஜெபஷீலா. தேனி பஜார்க்காரப் பொண்ணு, வாடகையைச் சொன்ன நாளில் கொடுக்கும். ஞாயிறு காலையில் கிளாராவை அங்கே ஏற்றிவிட்டு, நானும் பின்னாலேயே போனேன். போலீசோடு ஒரு பொம்பளையைத் தனியாக விடக்கூடாது, அந்தப் போலீசும் பொம்பளையாக இருந்தாலும்.

மேசையில் பழைய கம்ப்யூட்டர். அதில் ஓடுவதெல்லாம் சும்மா கிடைப்பது, லினக்ஸ் என்று பேர். யார் யாரோ எழுதி ஊருக்குப் பொதுவாக விட்டதாம். சும்மா கொடுக்கிறவனை நான் நம்புவதில்லை என்றேன். "நம்பாதீக அய்யா. நம்பாதவன் பிரிச்சுப் பாத்துக்கலாம்னுதான் உள்ளதை எல்லாம் தெறந்து வச்சிருக்காக" என்றது அந்தப் பொண்ணு.

டிவிடியைப் போட்டது. திரையில் ஏதோ எழுத்து ஓடியது.

"கெட்டுப்போன டிவிடின்னா படிக்கத் திணறும். இது திணறவே இல்லை. காலின்னு ஒரே பேச்சாச் சொல்லுது. இதுல எவரும் எதுவுமே எழுதினதில்லை."

வெளியே எடுத்துத் திருப்பி, பக்கத்தில் இன்னும் ரெண்டை வைத்துக் காட்டியது. கடையில் விற்கிற சினிமாத் தட்டு அடியில் வெள்ளியாக மின்னியது. வீட்டில் எழுதுகிற தட்டு ஊதா. எழுதியது என்றால் ஊதாவில் ஒரு வளையம் தெரியும். கிளாராவுடையதில் வளையம் இல்லை.

"யாரோ மாத்திட்டாக. முத்துராஜா இல்லை. தொழில் தெரிஞ்சவன் காலித் தட்டையா கொடுப்பான்? குப்பை எதையாவது ஏத்தி, மேல நாலு கீறல் போட்டுக் கொடுத்திருப்பான். செத்த டிவிடியும் காலி டிவிடியும் ஒண்ணுன்னு நெனச்ச ஆள் வேலை இது. ஸ்டூடியோவுக்குப் போற வழியில எங்கன இறங்குனீக?"

வியாழக்கிழமை ஸ்டூடியோவுக்குப் போகிற வழியில் கிளாரா அண்ணன் வீட்டில் இறங்கியிருந்தாள். பெனடிக்ட் லோயர் கேம்ப் ரோட்டில் பைக்கோடு விழுந்து காலில் மாவுக்கட்டு. சண்டை சண்டைதான், கால் ஒடிந்தால் பார்க்காமல் இருக்க முடியுமா? டிவிடியை நகல் எடுக்கப் போவதைச் சொல்லி, பையைக் கூடத்தில் வைத்துவிட்டு, அடுப்படியில் உட்கார்ந்து காப்பி குடித்தாள்.

பூசை முடிகிற நேரத்துக்கு மூன்று பேரும் அங்கே போனோம். பெனடிக்ட் கட்டிலில் கிடந்தான். அவன் பெஞ்சாதி பிலோமினா கோயிலுக்குக் கொடுக்க நைலான் கயிற்றில் ஜெபமாலை முடிந்துகொண்டிருந்தாள். மணி கோக்கிற மாலை இல்லை. மணிக்குப் பதில் கயிற்றையே சுற்றிச் சுற்றி முடிச்சுப் போடுவது.

"தோட்டத்துக்குப் போய் எவ்வளவு நாளாச்சு?" என்று பெனடிக்டைக் கேட்டது ஜெபஷீலா.

"கக்கூசுக்கே ரெண்டு பேரு தூக்கிட்டுப் போறாக. தோட்டத்துக்கு எங்க போக?"

"வீட்ல எழுதாத டிவிடி உண்டா?"

"கோயில் பாட்டு எழுத வாங்குனது அலமாரில கிடக்கு" என்றான். பிலோமினா தலை நிமிரவில்லை. முடிச்சை மட்டும் இறுக்கினாள்.

ஜெபஷீலா வேறு ஒன்றும் கேட்காமல் வெளியே வந்து, தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றது. என் வரப்பு வழியாகக் கூட்டிப் போனேன். மைனா கொத்தாமல் இருக்க எங்கள் பக்கம் திராட்சைப் பந்தலில் பழைய சினிமாத் தட்டுகளைக் கட்டித் தொங்கவிடுவோம். பளபளவென்று ஆடினால் குருவி அண்டாது. ஜெபஷீலா அண்ணாந்து பார்த்துக்கொண்டே வரிசை வரிசையாக நடந்தது. எல்லாம் நூல் நைந்து, ஒட்டடை பிடித்த வெள்ளித் தட்டுகள். கிணற்றுப் பக்கம் கொத்து அடர்ந்த இடத்தில் நின்றுவிட்டது.

அங்கே ஒன்று மட்டும் ஊதா.

நானும் தினம் பார்க்கிற பந்தல்தான். எனக்கு அது தட்டு, அவ்வளவுதான். எதையும் சும்மா பார்க்காத கண் அந்தப் பொண்ணுக்கு. படம் பிடித்துவிட்டு, முடிச்சை அவிழ்க்காமல் கயிற்றை நறுக்கி எடுத்தது.

மத்தியானம் முழுக்கக் கம்ப்யூட்டர் அந்த டிவிடியைப் படித்தது. வீட்டுப் பெட்டி தடுக்கிய இடத்திலேயே நின்றுவிடும். இது அப்படி இல்லை. கீறின இடத்தைத் தாண்டிப் போய் நல்லதை முதலில் அள்ளிக்கொண்டது. பிறகு கீறலுக்குத் திரும்பி வந்து சுரண்டிச் சுரண்டி எடுத்தது. காசு வாங்காத வேலைக்காரனுக்கு இத்தனை பொறுமையை நான் கண்டதில்லை.

சாயங்காலம் ஜெபஷீலா அந்தக் கம்ப்யூட்டரையே ஆட்டோவில் ஏற்றி பெனடிக்ட் வீட்டுக்குக் கொண்டுவந்தது. பங்குச் சாமியார், கிளாரா, முத்துராஜா, நான் எல்லாரும் கூடத்தில் இருந்தோம். ஜெபஷீலா நறுக்கிய கயிற்றை மேசையில் வைத்தது.

"பிலோமினாக்கா, இது ஜெபமாலை முடிச்சு. கூலி ஆள் யாரும் இப்படிச் சுத்திச் சுத்தி முடிய மாட்டாக. அண்ணனால எந்திரிக்கவே முடியாது. கிளாரா பையில இருந்ததை எடுத்துக்கிட்டு, கோயில் பாட்டுக்கு வாங்கின காலித் தட்டை வச்சது நீங்கதான்."

சாமியார், எடுத்தவள் உடைத்துப் போட்டிருக்கலாமே என்று கேட்டார்.

"உடைச்சா திருட்டாயிரும் சாமி. வெயில்ல காஞ்சா எழுதினது தானா அழியும். அழிஞ்சதும் திரும்ப மாத்தி வச்சுட்டா, பழசு, கெட்டுப்போச்சுன்னு பேச்சு முடிஞ்சிரும். அந்தத் திட்டத்தைக் கெடுத்தது கைப் பழக்கம். தட்டைக் கொத்துப் பக்கம் கட்டித்தான் இவுகளுக்கு வழக்கம். பந்தலுக்கு அடியில வெயில் ஏது?"

பிலோமினா மறுக்கவில்லை. கிளாராவைப் பார்த்துத்தான் பேசினாள்.

"அந்தக் கொடி ஒவ்வொண்ணுக்கும் குழி வெட்டினது நான். மாமாவைக் கடைசிவரைக்கும் குளிப்பாட்டினது நான். உன் கல்யாணத்தன்னைக்கு நான் போடியில பிள்ளை பெத்துக்கிட்டுக் கிடந்தேன். அன்னைக்கு வாயில சொன்னதுக்கு இன்னைக்கு நீ கயிறு பிடிச்சு அளக்க வருவ. எனக்குன்னு ஒரு பங்கு யாரு சொன்னா?"

ஜெபஷீலா திரையில் ஆரஞ்சுக் கூம்பு போட்ட, படம் ஓட்டுகிற ஒன்றைத் தட்டியது. பங்கிராஸ் வெள்ளை வேட்டியில் மைக்கோடு நின்றார்.

"கிணத்தடித் தோட்டத்துல பாதி என் மகள் கிளாராவுக்கு."

எப்போதும் நிற்கிற இடம். படம் கட்டம் கட்டமாகச் சிதறியது, குரல் கரகரத்தது. நிற்கவில்லை.

"மிச்சப் பாதி என் மருமக பிலோமினாவுக்கு. கொடி வச்சது அவ. என் மகன் பேருக்கு எழுதினா வித்துத் தின்னுருவான். ஏலே பெனடிக்ட், மூஞ்சியைத் தூக்காத, எல்லாரும் கேக்கத்தான் சொல்றேன்."

பந்தியில் எல்லாரும் சிரித்தார்கள். திரையில் பெனடிக்ட் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கட்டிலில் இருந்தவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

பிலோமினா இன்னொரு தடவை போடச் சொன்னாள். கேட்டாள். பிறகு புருஷனிடம் போய், "இத்தனை வருஷமும் தெரிஞ்சுதான் இருந்தீகளா?" என்றாள்.

அவள் திரும்பி நாத்தனாரின் தோளில் கை வைத்தாள்.

"நாளைக்குக் காலைல வா. அளந்து கல் நட்டுருவோம். உன் பாதி எது, என் பாதி எதுன்னு இந்த மனுசனுக்குத் தெரியணும்."