கேப்டன் நன்னனின் முகம்

செவ்வாயின் தென்குவிமாட நகரத்தில் படம் பார்க்கப் போகிறவர்கள் முதலில் கண்களைக் கட்டிக்கொள்வார்கள். அரங்கில் திரை கிடையாது. வரிசையாக நாற்காலிகள், வாசலில் ஒரு பாப்கார்ன் கடை, அவ்வளவுதான். எல்லோருக்கும் காதுக்குப் பின்னால், தோலுக்கு அடியில், ஒரு சின்னஞ்சிறு கருவி இருந்தது. அதற்கு ஏதோ நீளமான பெயர் உண்டு. ஜனங்கள் அளவைப் பார்த்துக் 'கடுகு' என்றே அழைத்தார்கள். படத்தை நேராக மூளைக்குள் ஓட்டுவது அதன் வேலை. கதையும் வசனமும் சண்டையும் எல்லோருக்கும் ஒன்றுதான். முகங்களை மட்டும் கடுகு அவரவர் மனத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். வில்லனுக்கு மேலதிகாரியின் முகம் வாய்ப்பது சாதாரணம். படம் வந்த மறுநாள் அலுவலகங்களில் பலர் மேலதிகாரியை நிமிர்ந்து பார்ப்பதில்லை.

பாசிப்பண்ணையில் மேற்பார்வையாளனாக இருந்த சேந்தனுக்கு இதெல்லாம் பிடிக்காது. 'நெடுவான்' என்ற விண்கப்பல் பட வரிசையின் முதல் மூன்று படங்களைப் பூமியில், திருச்சியில், நிஜத் திரையில் பார்த்தவன் அவன். பிறகு வந்த ஒவ்வொன்றையும் திட்டித் தீர்த்தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் முதல் ஆளாக டிக்கெட் எடுத்தான். அரங்கத்துக்குள் போகும்போது கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருப்பான். வரும்போது சாவு வீட்டிலிருந்து வருகிறவன் மாதிரி இருப்பான். தன் கடுகிடம் நெடுவானின் நாயகன் கேப்டன் நன்னனுக்குப் பழைய நடிகரின் முகத்தைத் தவிர வேறெதையும் காட்டக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தான்.

பத்தாவது படம் வந்தபோதுதான் வினை பிடித்தது. அவனுக்கு ஓடிய படம் வழக்கம்போல் சொதப்பல். பக்கத்து நாற்காலியில் மனைவி அங்கவையோ விழுந்து விழுந்து சிரித்தாள். கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதாள். மணல்வண்டி ஓட்டுநரான அவளுக்கு நெடுவானை அறிமுகப்படுத்தியதே அவன்தான். அப்போதெல்லாம் பாதிப் படத்தில் தூங்கிவிடுவாள்.

"எதுக்கு அழுத?" என்று வீட்டுக்கு நடக்கும்போது கேட்டான்.

"அந்தப் பொண்ணு சொல்றதை எல்லாம் நன்னன் பொறுமையாக் கேட்டுட்டுக் கப்பலைத் திருப்புறானே, அந்த இடம்."

"அந்த சீனா? திரும்ப எரிபொருள் எங்கேருந்து வந்துச்சாம்?"

"நான் எரிபொருளைப் பாக்கலைங்க."

சேந்தனுக்கு வயிறு எரிந்தது. முப்பது வருஷமாக உருகி உருகிப் பார்த்தவன் அவன். படம் கிடைத்தது அவளுக்கு! அவள் மூளைக்குள் ஓடியது வேறு படமாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது.

ஒவ்வொருவர் பார்த்த படமும் குடும்பக் கணக்கில் பதிவாகி இருக்கும். அடுத்தவர் பதிவைத் திறப்பது நாகரிகமில்லை என்று எல்லோருக்கும் தெரியும்; எல்லோரும் திறப்பார்கள். அங்கவை வேலைக்குப் போனதும் சேந்தன் கண்ணைக் கட்டிக்கொண்டு அவளுடைய பத்தாவது படத்துக்குள் நுழைந்தான்.

அதே கதை. அதே ஓட்டை உடைசல் கப்பல். கேப்டன் இருக்கையில் மட்டும் எவனோ ஓர் இளைஞன் உட்கார்ந்திருந்தான். ஒல்லியாக இருந்தான், பேச்சை நிறுத்திவிட்டு எதிரே இருப்பவளைக் கவனித்தான், தொண்டை தெரியச் சிரித்தான். யார் இவன்? வண்டிப் பணிமனையில் இருக்கிறவனா? மூன்றாம் முறை அவன் சிரித்தபோது மேல்வரிசையில் ஒரு தெற்றுப்பல் தெரிந்தது. சேந்தன் தன்னையறியாமல் நாக்கால் தன் பல்லைத் தடவினான். கல்யாணமான மறு வருஷம் அவன் சீர்செய்துகொண்ட பல் அது.

அங்கவை திரும்பி வந்ததும் பிடித்துக்கொண்டான். "உன் படத்துல நான் எதுக்கு?"

அவளுக்குக் கோபம் வந்தது. "என் பதிவைத் திறந்தீங்களா? சரி, பாத்தாச்சில்ல. நானா கூப்பிட்டேன்? கடுகு தேடிப் புடிச்சிட்டு வந்துச்சு."

"நான் இங்கதானே இருக்கேன்?"

"இருக்கீங்க. எது சொன்னாலும் அதுல தப்பு கண்டுபுடிச்சிக்கிட்டு. அவன் பாவம், கேக்குறான்."

சொல்லிவிட்டு அவள் கொஞ்சம் நின்றாள். அவன் ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்தாள் போலும். சேந்தனுக்கு ஒன்றுமே கேட்கவில்லை. 'அவன் பாவம்' என்பது மட்டும் காதில் ரீங்காரமிட்டது. வேறொருவன் என்றால் போய்ச் சட்டையைப் பிடிக்கலாம். முடி கொட்டாத, தொப்பை போடாத, தன்னைப் போலவே இருக்கிற ஒருத்தனை எங்கே போய்ப் பிடிப்பது?

அவனுக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினான். ரசிகர் மன்றத்தில் எழுதினான்: 'பார்வையாளர் மனத்திலிருந்து முகம் எடுப்பது நெடுவானுக்குச் செய்யும் துரோகம்.' ஒரே வாரத்தில் ஆதரவு குவிந்தது. பெரும்பாலும் கணவன்மார்கள். மனைவிமார்களும் குறைவில்லை. யாரும் சொந்தக் காரணத்தைச் சொல்லவில்லை. எல்லோரும் கலையைக் காப்பாற்றுவதாகவே எழுதினார்கள். படநிறுவனம் பணிந்தது. பதினோராவது படத்தில் கேப்டன் நன்னன் ஆரம்பம் முதல் முடிவுவரை தலைக்கவசத்தைக் கழற்றவே மாட்டார் என்று அறிவித்தது.

சேந்தன் வெற்றிப் பெருமிதத்தோடு அரங்கத்துக்குப் போனான். படம் அவனுக்குள் ஓடிக்கொண்டிருந்தபோதே கண்கட்டை மெல்ல உயர்த்திப் பக்கத்தில் பார்த்தான். அங்கவை கண்கட்டுக்குக் கீழே சிரித்துக்கொண்டிருந்தாள். போன படத்துக்குக்கூட அவள் இப்படிச் சிரிக்கவில்லை. கன்னம் சிவந்திருந்தது.

வெளியே வந்ததும் கேட்டான். "முகமே இல்லையே, யாரைப் பாத்துச் சிரிச்ச?"

"அதான் நல்லாருந்துச்சு. கடுகு ஒண்ணைக் காட்டிருச்சுன்னா அதையேதான் பாக்கணும். மூடி வச்சிட்டா நாமளே நினைச்சுக்கலாம்ல."

"யாரை நினைச்ச?"

அங்கவை கையிலிருந்த பாப்கார்னில் இரண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். "அதையும் உங்ககிட்ட சொல்லணுமாக்கும்?"

அதுவரை சேந்தனுக்குப் போட்டி அவனேதான். இப்போது யாரென்றே தெரியவில்லை. வண்டிப் பணிமனை, எதிர்வீடு, பாப்கார்ன் கடை என்று ஒவ்வொரு முகமாக அந்தக் கவசத்துக்குள் வைத்துப் பார்த்தான். எல்லா முகமும் பொருந்தியது.

மறுநாள் காலை ரசிகர் மன்றத்தில் புதிய இயக்கம் ஒன்று தொடங்கியது. கவசம் போட்டு நெடுவானைக் கெடுத்துவிட்டார்கள், பத்தாவது படத்தில் இருந்த நன்னனே அசல் நன்னன், அந்த முகமே திரும்ப வேண்டும் என்றது அறிக்கை. கீழே முதல் கையெழுத்து சேந்தனுடையது. மதியத்துக்குள் பழைய ஆதரவாளர்கள் அத்தனை பேரும் வந்து சேர்ந்துவிட்டார்கள்.