பதினேழு தாளும் ஒரு நாரையும்

நூலகத்தின் முன்சுவரில் அன்று காலைதான் கொத்தனார் சுண்ணாம்புச் சாந்து பூசியிருந்தார். சுவர் முழுக்க அல்ல. சித்தி ஒரே நாளில் எவ்வளவு வரைவாரோ, அவ்வளவுக்கு மட்டும். அங்கேதான் கேள்விக்குறி வரைந்து கொடுத்த நாரை நிற்கப்போகிறது.

கேள்விக்குறி என்பது அவளுக்கு வகுப்பில் வைத்த பெயர். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

அவளுடைய சித்திதான் ஓவியர். நாரையின் கோடுகளைக் கரித்தூளால் சாந்தின்மேல் பதித்தாயிற்று. வண்ணங்களைத் தண்ணீரில் குழைத்தாயிற்று. ஆனால் தொடங்க முடியவில்லை. சொற்கடல் பேசிக்கொண்டிருந்தார்.

சொற்கடல்தான் சுவரோவியத் தொடக்க விழாவின் தலைவர். 'சொற்கடல்' என்ற பட்டத்தைக் கொடுத்தது யார் என்று ஒருவருக்கும் தெரியாது. அழைப்பிதழ் அச்சடித்தது மட்டும் அவர்.

"ஃப்ரெஸ்கோ! சுவரோவியத்துக்கு இந்தப் பேர் எப்படி வந்தது? அது தெரியணும்னா, நாம முதல்ல சக்கரம் கண்டுபிடிச்ச காலத்துக்குப் போகணும்!"

போனார். கூட்டத்தையும் இழுத்துக்கொண்டு போனார். அரை மணி நேரம் ஆயிற்று. கையில் இன்னும் பதினேழு தாள்கள் இருந்தன.

கொத்தனார் சாந்தை விரலால் அழுத்திப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இறுகிட்டு வருது பாப்பா. இதுக்கு மேல போனா வண்ணம் உள்ள இறங்காது. கை பட்டாலே உதிரும்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, எல்லாத்தையும் கொத்தி எடுக்க வேண்டியதுதான். உன் நாரை அதோட பறந்துடும்."

"சித்தி, அவரை நிறுத்தச் சொல்லேன்!"

"தலைவர் பேசுறப்ப எப்படிடி?" சித்தி கையைப் பிசைந்தார்.

கேள்விக்குறி விறுவிறுவென்று முன்னால் போனாள்.

"ஐயா, ஒரு சந்தேகம்."

சொற்கடலின் முகம் மலர்ந்தது. இதுவரை அவரிடம் யாரும் சந்தேகம் கேட்டதில்லை. கேட்க வேண்டிய நேரத்தில் தூங்கிவிடுவார்கள்.

"கேளும்மா, கேளு!"

"அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?"

"அது கடைசித் தாள்லதான் வருது..." அவர் புரட்டினார். "இதோ! இத்தாலி மொழியில 'புதுசு'ன்னு அர்த்தம். புதுசா பூசின சாந்துல, அந்த ஈரம் காயறதுக்குள்ள வரையறதால..."

நின்றார். மெல்லத் திரும்பிச் சுவரைப் பார்த்தார். அப்படி ஒரு சுவர் இருப்பதே அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது.

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சொற்கடலின் காது சிவந்தது. கேள்விக்குறிக்குப் பாவமாகிவிட்டது.

"ஐயா, நீங்க இல்லாம தொடங்க முடியாது. இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கறீங்களா?"

ஒரு கையில் நீல வண்ணக் கிண்ணத்தைக் கொடுத்தாள். மறு கையில் சாம்பல் வண்ணம். தாள்களைப் பிடிக்க மூன்றாவது கை சொற்கடலுக்கும் கிடையாது. அவற்றை அவளே வாங்கி நாற்காலியில் வைத்து, பறக்காமல் இருக்க மேலே ஒரு செங்கல்லையும் வைத்தாள்.

சித்தியின் தூரிகை பாய்ந்தது.

"சாம்பல்!"

தலைவர் ஓடினார்.

"நீலம்!"

தலைவர் மறுபடி ஓடினார்.

"சிந்தாதீங்க ஐயா," என்று அதட்டினார் கொத்தனார்.

"சரிங்க, சரிங்க."

நாரைக்குக் கழுத்து வந்தது, அலகு வந்தது, ஒற்றைக் கால் வந்தது. சாந்து ஒவ்வொரு வண்ணத்தையும் ஆசையாகக் குடித்தது. சொற்கடலின் வெள்ளைச் சட்டையும் கொஞ்சம் குடித்தது.

இறக்கை மட்டும் பாக்கி இருந்தபோது, நிருபர் ஒருவர் மூச்சு வாங்க ஓடிவந்தார்.

"ஐயா, தாமதமாயிடுச்சு, மன்னிக்கணும்! இந்த ஃப்ரெஸ்கோன்னா என்ன? ரெண்டு வார்த்தை சொல்லுங்களேன்."

"பேச நேரமில்ல தம்பி, சாந்து காயுது," என்றார் சொற்கடல். "இந்தக் கிண்ணத்தைப் பிடிங்க!"