நடுவில் விட்ட இடம்

"நடுவுல யாருக்கு எடம் வுட்டு வெச்சிருக்கீங்க? ஒட்டி நில்லுங்கக்கா!"

கேட்கவே கூடாது என்று சொல்லப்பட்டதைத்தான் மேகலா கேட்டாள். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே ஃபோட்டோ ஸ்டால் முதலாளி கவுஸ் பாஷா சொல்லியிருந்தார். "ஷூ கம்பெனி பொம்பளைங்க டூர் வந்தா, எப்டி நிக்கிறாங்களோ அப்டியே எடு மா. ஒட்டி நில்லுங்கன்னு மட்டும் கேட்டுடாத." ஏன் என்று கேட்டாள். "எல்லாத்துக்கும் ஏன். காலேஜ்ல இதான் சொல்லிக் குடுத்தாங்களா?" என்று சிரித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். காரணம் சொல்லாத கட்டளை என்றாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆம்பூரைத் தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த அந்த தீம் பார்க்கில் மழைக்கு மூட்டமாக இருந்த சாயங்காலம், ராட்டினங்கள் ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருக்க, அலைக்குளத்துக் குளோரின் வாடையும் எண்ணெய்ச் சட்டி வாடையும் எங்கிருந்தோ காற்றில் வந்த தோல் பதனிடும் ஷாப்பு வாடையும் கலந்து தொண்டையில் படிந்துகொண்டிருந்தன. ஃபைபர் கோட்டைக்கு முன்னால் தையல் லைன் பெண்கள் ஈரத் தலையோடு நின்றார்கள். விடியலில் கம்பெனி பஸ் ஏறியவர்கள். கால் கடுத்துப்போய், சிரிக்கத் தெம்பில்லாமல், எடுத்து முடித்தால் வீட்டுக்குப் போகலாம் என்று கேமராவைப் பார்த்தார்கள். எத்தனை முறை குளத்தில் முங்கினாலும் அவர்கள் முடியிலிருந்து சொல்யூஷன் பசை நாற்றம் போவதில்லை. மேகலாவுக்கு அந்த நாற்றம் தெரியும். அது அவளுடைய அக்காவின் நாற்றம்.

அக்கா அம்பிகா அந்த வரிசையில்தான் நின்றாள். வீட்டில் ஒருத்திதான் படிக்கலாம் என்று ஆனபோது பத்தாவதோடு கம்பெனிக்குப் போனவள். மற்றவர்கள் எல்லாரும் தோளோடு தோள் உரசி நிற்க, அம்பிகாவுக்கும் செண்பகத்துக்கும் நடுவில் மட்டும் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு வெறும் இடம்.

மேகலாவின் தெருவில் பிறந்தவர்களுக்கு அந்த இடைவெளி புதிதில்லை. பஸ் சீட்டில், பள்ளிக்கூடச் சாப்பாட்டு வரிசையில், கல்யாண வீட்டு பெஞ்சில் அவள் அதைப் பார்த்து வளர்ந்தவள்.

"வேணாம் மா, இருக்கட்டும்," என்றார் நசீமுன்னிசா. லைனில் மூத்தவர்.

"இன்னா வேணாம்? எங்கக்கா பக்கத்துல நின்னா ஒட்டிக்குமா?"

"ஏய், அது இல்லடி..." என்றாள் அம்பிகா.

"நீ சும்மா இரு. வாயில்லாம இருந்து இருந்துதான் இந்த லட்சணம்." மேகலா கையைத் தட்டினாள். சூப்பர்வைசர்கள் தட்டுவதுபோல. "க்ளோஸ் பண்ணுங்க! சீக்கிரம்!"

அதுதான் தப்பாகப் போயிற்று. வருஷக்கணக்காக லைனில் நின்ற உடம்புகள் அவை. கைதட்டல் கேட்டதும் மனசு வேண்டாம் என்று சொல்வதற்குள் கால் நகர்ந்துவிட்டது. இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் நெருங்கின. யாரோ மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது. அம்பிகாவின் தோள் செண்பகத்தின் தோளைத் தொட்டது.

மேகலா பட்டனை அழுத்தினாள்.

திரையில் இடைவெளி அப்படியே இருந்தது.

ஒட்டி நிற்கச் சொல்வதற்கு முன்பு எடுத்த படத்தைப் புரட்டிப் பார்த்தாள். ட்ரைபாட் நகரவில்லை. காற்றுக்கு ஆடக்கூடாதென்று நடுக்கொக்கியில் அவளே தன் பையை மாட்டித் தொங்கவிட்டிருந்தாள். மூன்று காலும் டைல்ஸ் கோட்டில் பதிந்து நின்றன. கோட்டையின் கொடி, விளக்குக் கம்பம், எல்லாம் இரண்டு படத்திலும் ஒரே இடத்தில். கை ஆடிவிட்டது என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. ஒரே ஒரு வித்தியாசம். இரண்டாவது படத்தில் அம்பிகா இல்லை.

தலையை நிமிர்த்தினாள். அக்கா நின்றுகொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது, அவ்வளவுதான்.

லென்சைத் துடைத்தாள். மறுபடி எடுத்தாள். இந்த முறை வெற்றிடம் காலியாக இல்லை. அங்கே காற்று கொஞ்சம் கலங்கலாக, நனைந்த துணிக்குப் பின்னால் யாரோ மூச்சு விடுவதுபோல உப்பி அடங்கியிருந்தது. பக்கத்தில் செண்பகத்தின் தோளில் துணி மடிந்திருந்தது. ஒரு கை அழுத்தினால் மடிகிற மாதிரி.

பார்க்கின் விளக்குகள் எரிந்தன. எல்லாருடைய நிழலும் கோட்டைச் சுவரில் விழுந்தது. அக்காவுடையது விழவில்லை.

"செண்பகக்கா," என்றாள் மேகலா. "அம்பிகாவப் புடிங்க. கையப் புடிங்க."

செண்பகம் களைப்போடு அவளைப் பார்த்தாள். "யார மா?"

"அம்பிகாவ. உங்க பக்கத்துல."

"எந்த அம்பிகா?"

கேலி இல்லை அந்த முகத்தில். உண்மையாகவே யோசித்தாள். யோசித்து, கிடைக்காமல், கொட்டாவி விட்டாள்.

மேகலா ஓடினாள். அக்காவின் மணிக்கட்டைப் பற்றினாள். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோல் மாதிரி இருந்தது அது. குளிர்ந்து, கொழகொழத்து, எலும்பே இல்லாததுபோல. இழுத்தாள். அம்பிகா அசையவில்லை. விட்ட பிறகும் மேகலாவின் விரல் பதிந்த குழிகள் மேலெழாமல் அப்படியே நின்றன. அக்காவின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. அது 'மேகலா' என்று சொல்வது மட்டும் அவளுக்குப் புரிந்தது.

நசீமுன்னிசா மட்டும் இன்னும் அம்பிகா இருந்த பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"அது சங்கீதா எடம் மா. போன மாசம் மிஷின் மேலயே சாஞ்சி போய்ட்டா. லைன்ல ஒருத்தி போய்ட்டா, புது ஆள் வர்ற வரைக்கும் நாங்க அந்த எடத்த மூட மாட்டோம். மிஷினத் தொடைப்போம். ஸ்டூல நகத்த மாட்டோம். யாருக்கு எடம்னு வாய் தொறந்து கேக்கவும் மாட்டோம்."

"கேட்டா?"

"கேட்டா, ஆள் தேடும்." அவர் குரல் தாழ்ந்தது. "உங்க பாஷா பாய்க்குத் தெரியும். அவர் தங்கச்சியும் எங்க லைன்தான்."

"அத வாய் தொறந்து சொல்றதுக்கு இன்னாங்க கேடு?" மேகலா கத்தினாள். "காரணத்தோட சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பனா? ஏன் யாருமே எங்ககிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டேன்றீங்க?"

பெண்கள் தரையைப் பார்த்தார்கள். பஸ் ஹாரன் அடித்தது.

"எங்கக்காவ வுடச் சொல்லுங்க."

"நான் சொன்னா வுடுமா? அந்த எடம் ரொம்பணும். கேட்டவதான் ஆள் குடுக்கணும் மா." சொல்லிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார். நெற்றியைச் சுருக்கினார். "இன்னா சொல்லினு இருந்தேன்? யாரோ... பேர் வாயில வரமாட்டேன்து."

அவருக்கும் நினைவு போய்விட்டது.

அம்பிகாவின் ஊடாகக் கோட்டைக் கதவு தெரிந்தது. கதவின் ஆணிகள் தெரிந்தன.

மேகலா ட்ரைபாடுக்குத் திரும்பினாள். அழுகை வரவில்லை. கோபமும் இல்லை. முதல் முறையாக அவளுக்கு உடம்பெல்லாம் அசதியாக இருந்தது, அக்கா தினமும் கொண்டுவந்து வீட்டு வாசலில் செருப்போடு கழற்றிப்போடும் அசதி. ஃபிரேமைப் பார்த்தாள். வெற்றிடம் சரியாக நடுவில் இருந்தது. டைமரைப் போட்டாள். கேமரா முன்பக்கம் சிவப்பு விளக்கு துடிக்கத் தொடங்கியது.

கேமராவுக்குப் பின்னால் இருந்து வெளியே வந்து நடந்தாள்.

பீப். பீப்.

செண்பகம் இன்னொரு பக்கம் தள்ளிக்கொண்டாள். வழி விடுகிற மாதிரி. ஏனென்று தெரியாமல்.

அக்காவின் கன்னத்தில் நிறம் ஏறியது. காலடியில் மெல்லியதாக ஒரு நிழல் விழுந்தது. "மேகலா, வேணாம்டி!" இந்த முறை சத்தம் கேட்டது. தெளிவாக.

மேகலா நிற்கவில்லை.

பீப் சத்தம் வேகமெடுத்தது.

இப்போது வெறும் கண்ணுக்கே தெரிந்தது. அந்த இடத்தில் மிஷின் மேல் சாய்ந்த மாதிரியே கழுத்து ஒரு பக்கம் சாய்ந்து, நாளெல்லாம் நின்ற களைப்போடு ஒருத்தி. மேகலா நெருங்க நெருங்க அந்தப் பெண்ணின் முகத்தில் ஒரு நிம்மதி பரவியது. ஷிஃப்ட் மாற்ற ஆள் வந்துவிட்ட நிம்மதி.

சங்கீதா சற்று நகர்ந்து இடம் கொடுத்தாள்.